பெரிய வூட்டு வழி: சர்வே எண்ணைப் பிடித்து முன்னோரைத் தேடிய ஒரு கிருஷ்ணகிரி வழக்கு

கேள்வி ஒன்றுதான்: அண்ணன் வழி யார், தம்பி வழி யார்?

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையோரம் ஒரு கிராமம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் இரண்டு பங்காளி வீடுகள் அங்கே உண்டு. ஒன்றைப் 'பெரிய வூடு' என்பார்கள், இன்னொன்றைக் 'கீழ வூடு' என்பார்கள். கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்ய இரண்டு வீட்டாரும் பணம் போட்டார்கள். முன்னோர் பெயர்களைக் கல்லில் வெட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது தகராறு ஆரம்பித்தது. யார் பெயர் மேலே வரும்? பரிவட்டம் யாருக்கு முதலில்? "எங்க பாட்டன்தான் மூத்தவர், வீட்டுப் பேரே சொல்லுதே" என்றார்கள் பெரிய வூட்டார். கீழ வூட்டில் ஒரு பழைய முணுமுணுப்பு இருந்தது: "மூத்தவருக்கு ஆண் வாரிசே கிடையாதுன்னு எங்க ஆயா சொல்லும்."

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். இப்போது பழைய ஆவணம் தேடிக் கொடுக்கிறேன். இரண்டு வீட்டாரும் சேர்ந்து வந்து கேட்டதால்தான் இதை எடுத்துக்கொண்டேன். ஒரு தரப்புக்காக மட்டும் தேடினால், கிடைத்த காகிதத்தை மற்றத் தரப்பு நம்பாது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன் என்றாலும் ஊர்ப் பெயர், ஆள் பெயர், சர்வே எண், வழக்கு எண் எதுவும் இதில் வராது. முன்னோரை உறவு முறையாலேயே குறிப்பிடுகிறேன்.

கையில் இருந்தவை சொற்பம். பெரிய வூட்டுத் தாத்தா தன் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று, இரண்டு வீட்டாருக்கும் இருந்த யூ.டி.ஆர். (நிலப் பதிவைப் புதுப்பித்த திட்டத்தில் கொடுத்த) பட்டாக்கள், அப்புறம் வாய்மொழி. வாய்மொழியில் முக்கியமானது இது: திப்பு காலத்தில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக் காவலில் இருந்தவர் எங்கள் மூதாதை, அதற்காகக் கொடுத்த மானிய நிலம்தான் இன்றைக்கும் நாங்கள் உழுவது.

பெயரை வைத்துத் தேடினால் என்ன ஆகும்

நம் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். இந்தக் குடும்பத்தில் இரண்டே பெயர்கள் மாறி மாறி வருகின்றன. இரண்டு வீட்டிலும் அதே பெயர்கள்தான், ஏனென்றால் கும்பிடும் சாமியும் ஒன்று, பாட்டனும் ஒன்று. பழைய கணக்கில் ஒரே பக்கத்தில் ஒரே பெயர் நான்கு இடத்தில் இருந்தால் எது யார்? தகப்பன் பெயரைச் சேர்த்துப் பார்த்தாலும் தப்பிக்க முடியாது, ஒரு தலைமுறை தள்ளி அதே ஜோடி திரும்ப வரும். முன்னோரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இது. பெயர் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், பார்த்தால் அது பேரனாக இருக்கும்.

நிலம் அப்படி இல்லை. எண் மாறும், அளவு மாறும், உட்பிரிவு விழும், ஆனால் வயல் இருந்த இடத்தில்தான் இருக்கும். எனவே ஆளை விட்டுவிட்டு, இரண்டு வீட்டாரும் இன்றைக்கு உழுகிற வயல்களில் ஒட்டிக் கிடக்கும் இரண்டை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

ஜனத்தொகைக் கணக்கு உதவாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1871 முதல் கணக்கெடுத்திருக்கிறார்கள், ஆனால் வீடு வீடாக எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. தொகுத்த எண்ணிக்கை மட்டுமே மிச்சம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது, அதற்கு முந்திய ஆட்களுக்கு அது பயன்படாது. வட தமிழ்நாட்டு உழவர் குடும்பம் ஒன்று காகிதத்தில் தலைகாட்டுவது இரண்டு சந்தர்ப்பங்களில்தான்: தீர்வை கட்டும்போது, சண்டை போடும்போது.

அயனா, மிட்டாவா, இனாமா

பழைய சேலம் ஜில்லாவில் எந்த ஊரை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது. அயன் என்றால் சர்க்காருக்கு நேராகத் தீர்வை கட்டும் ஊர், மிட்டா என்றால் நடுவில் ஒரு மிட்டாதாரர் வசூலிக்கும் ஊர், இனாம் என்றால் மானியமாக விட்ட நிலம். விடை தெரியாமல் ஆபீஸ் படி ஏறினால் இல்லாத ரிஜிஸ்டரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாராமகால், அதாவது கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம், ஒன்று. கம்பெனி அலெக்சாண்டர் ரீடை நிர்வாகத்துக்கு அனுப்பியது. அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்து வேலை பார்த்தார். வயல் வயலாக அளந்து, உழுகிறவனோடு நேராகத் தீர்வை பேசுகிற ரயத்துவாரி முறை உருவெடுத்தது இந்த மண்ணில்தான். ஆனால் அது காலூன்றுவதற்குள் 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வங்காளப் பாணியில் நிரந்தரத் தீர்வை வைத்து, ஊர்களைக் கட்டுக் கட்டாக மிட்டா என்ற பெயரில் கைமாற்றிவிட்டார்கள். மிட்டாதாரர்களில் பலர் பேஷ்குஷ் (சர்க்காருக்குக் கட்ட வேண்டிய நிலையான தொகை) கட்ட முடியாமல் விழுந்தார்கள், அந்த ஊர்கள் சர்க்காருக்கே திரும்பி அயன் ஆயின. தாக்குப்பிடித்தவை 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரை மிட்டாவாகவே இருந்தன.

இந்த வித்தியாசம் நமக்கு ஏன்? அயன் கிராமத்தில் சர்க்கார் ஒவ்வொரு வயலுக்கும் பட்டாதாரர் பெயர் வைத்திருக்கும். மிட்டா கிராமத்தில் பட்டா கொடுப்பவர் மிட்டாதாரர், அதற்கு ஈடாகக் குடியானவரிடம் முச்சலிக்கா என்ற ஒப்புதல் எழுதி வாங்கிக்கொள்பவரும் அவரே. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டாவும் முச்சலிக்காவும் மாற்றிக்கொள்ளச் சொன்னது, ஆனால் அந்தத் தாள்கள் அவர் வீட்டுப் பெட்டியில் கிடந்தன, தாலூகா ஆபீசில் இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்தாலும் ஒன்றில் ஐந்து தலைமுறை கிடைக்கும், இன்னொன்றில் 1948-க்கு மேலே போகாது.

நம்முடைய கிராமம் அயன். கிராமத்து நிலங்களின் அடிப்படைக் கணக்கான 'அ' பதிவேட்டில் இரண்டு வயலுக்கும் எதிரே 'ர', அதாவது ரயத்துவாரி, என்று போட்டிருந்தது. அந்த ஒற்றை எழுத்திலேயே மானியக் கதை ஆட்டம் கண்டுவிட்டது. மானிய நிலமாக இருந்திருந்தால் 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷன் அதை விசாரித்திருக்கும். இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் யார் கொடுத்தது, முதலில் யாருக்குக் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதல் ஆளுக்கு அவர் என்ன உறவு என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். முன்னோர் தேடலுக்கு இதைவிட நல்ல காகிதம் தமிழ்நாட்டில் இல்லை என்பேன். எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் அந்தக் கிராமத்துப் பதிவைப் பார்த்தபோது இருந்தது ஒரு கோயில் பூசாரி மானியம் மட்டும். அதுவும் வேறு குடும்பத்துக்கு.

இதனால் கோட்டைக் காவல் கதை பொய் என்று ஆகிவிடாது. மைசூர் ஆட்சியில் கந்தாச்சாரம் என்ற உள்ளூர்க் காவல் படை இருந்தது உண்மை, 1791-இல் கிருஷ்ணகிரி கோட்டையைப் பிடிக்க வந்த கம்பெனிப் படை அடிபட்டுத் திரும்பியதும் உண்மை. மூதாதை அதில் இருந்திருக்கலாம். ஆனால் இந்த வயல்கள் அதற்கான கூலி அல்ல. பெரிய வூட்டுப் பெரியவருக்கு இதைச் சொன்னதுமே முகம் வாடிவிட்டது. அடுத்து வரப்போவது அதைவிடப் பெரிசு என்று அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பட்டாவில் ஒரு பெண்

யூ.டி.ஆர். பட்டாவிலிருந்து 'அ' பதிவேட்டின் பழைய சர்வே எண்ணுக்கும், அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ரீசெட்டில்மெண்ட் (தீர்வையை மறுபடி நிர்ணயித்த) ரிஜிஸ்டருக்கும் போவது பழகியவர்களுக்குச் சுலபம். இங்கே ஒரு தடங்கல் மட்டும் இருந்தது. இன்றைக்கு நன்செய்யாக இருக்கும் வயலைப் பழைய ரிஜிஸ்டரில் நன்செய்ப் பகுதியில் தேடினால் கிடைக்காது. 1950-களில் கிருஷ்ணகிரி அணை கட்டிக் கால்வாய் வெட்டிய பிறகுதான் இந்தப் பக்கத்துப் புன்செய் பல நன்செய் ஆனது. புன்செய்ப் பகுதியைப் புரட்டினால் இரண்டு வயலும் அடுத்தடுத்த வரியில் இருந்தன.

கீழ வூட்டு வயல் ஓர் ஆண் பெயரில், எதிர்பார்த்தபடி. பெரிய வூட்டு வயல் ஒரு பெண் பெயரில்.

அந்தக் காலத்தில் உழவர் குடும்பத்தில் ஒரு பெண் தனியாகப் பட்டாதாரராக இருப்பது அபூர்வம். அவளே கிரயம் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மைனர் பிள்ளைக்குக் கார்டியனாக இருந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாகம் பிரிந்துபோன கணவன் ஆண் பிள்ளை இல்லாமல் செத்திருக்க வேண்டும். கார்டியன் என்றால் மைனர் பெயரையும் எழுதுவது வழக்கம், இங்கே அது இல்லை. மிச்சம் இரண்டு வழி. எதுவானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தடயம் விட்டிருக்கும்.

கணினியில் ஏறாத ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்ப்பது இண்டெக்ஸ் புத்தகத்தைப் புரட்டும் வேலை. முதல் இண்டெக்ஸ் ஆள் பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. நான் கேட்டது இரண்டாவது. கிராமத்தின் பெயருக்குக் கீழே அந்தப் பெண்ணின் வயலில் ஒரு மூலையை விற்ற கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது, ரீசெட்டில்மெண்டுக்குச் சில ஆண்டுகள் பிந்தியது. நகல் வாங்கினேன்.

இந்தப் பழைய நகல் புத்தகங்களைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எழுத்தர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார், துணைக்காலையும் 'ர'வையும் ஒரே மாதிரி இழுப்பார். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று குறிகள் ஓடும். இடையிடையே பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு வரும், அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி ஆரம்பிக்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். வாக்கியம் முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் மூன்றாம் பக்கத்தில்தான் முடியும்.

இந்தப் பத்திரத்தில் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர்: ஒரு தாய், அவள் மகன். தாய் ரிஜிஸ்டரில் கண்ட பெண் அல்ல, அவளுடைய மகள். விற்கிற நிலம் தாயுடையது என்று பத்திரமே சொல்கிறது. அப்படியிருக்க மகன் கையெழுத்து எதற்கு? அன்றைய இந்து தாய பாகச் சட்டப்படி, ஆண் பிள்ளை இல்லாதவரின் தனிப்பட்ட சொத்து முதலில் விதவைக்கு, அவளுக்குப் பின் மகளுக்கு, அவளுக்குப் பின் மகள் வயிற்றுப் பேரனுக்குப் போகும். விதவைக்கும் மகளுக்கும் இருந்தது ஆயுள் காலத்துக்கான வரையறுக்கப்பட்ட உரிமை மட்டும். அவர்கள் தனியாக விற்றால் பின்னால் வரும் வாரிசு கேஸ் போடலாம். அதனால் விவரம் தெரிந்த எந்தக் கிரயதாரரும் அடுத்த வாரிசைக் கையெழுத்துப் போட வைப்பார். இங்கே அந்த அடுத்த வாரிசு மகள் வயிற்றுப் பேரன்.

அந்த மகனின் பெயர் பெரிய வூட்டு மூத்தவரின் பெயரேதான். அவன் தகப்பன் பெயர் மட்டும் இந்த ஊரில் யாருக்கும் இல்லாத பெயர். அவரை 'தருமபுரி தாலூகா' ஊர் ஒன்றிலிருந்து வந்து மாமனார் வீட்டில் குடியிருப்பவர் என்று பத்திரம் குறிப்பிட்டது.

இரண்டாவது விஷயம், மூலம் சொல்லும் வரி: இன்ன கோர்ட், இன்ன வருஷத்து ஒரிஜினல் சூட் நம்பர் டிக்ரிப்படி பாத்தியப்பட்டது. முகவரி கிடைத்துவிட்டது.

தம்பி போட்ட வழக்கு

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் பிறந்தது. அதற்கு முன் தருமபுரி மாவட்டம், 1965-க்கு முன் எல்லாம் சேலம். பழைய வழக்கைத் தேடுகிறவர்கள் இந்த வரிசையை மறக்கக்கூடாது, காகிதம் எந்தக் கட்டத்தில் எந்த ஊருக்குப் போனது, எது போகாமல் தங்கிவிட்டது என்பதை வைத்துத்தான் எங்கே மனுப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். முன்சீப் கோர்ட் வழக்கின் கட்டு அழிக்கப்பட்டுவிட்டது. அது எதிர்பார்த்ததுதான்: வக்காலத்து, சம்மன், சாட்சி வாக்குமூலம் எல்லாம் கெடு முடிந்ததும் அழிப்பார்கள். தீர்ப்பும் டிக்ரியும் இருந்தன. சேலம் ஜில்லா கோர்ட்டில் நடந்த அப்பீலின் தீர்ப்பும் இருந்தது. இரண்டும் ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில்.

வாதி தம்பி. பிரதிவாதி அண்ணனின் விதவை. கல்லில் யார் பெயர் மேலே என்ற சண்டைக்கு விடை முதல் பாராவிலேயே இருந்தது: வாதி இளையவர், செத்தவர் மூத்தவர். அவர்களின் தகப்பன் பெயரும், தகப்பனின் தகப்பன் பெயரும் அதே பாராவில். இரண்டு வீட்டாருக்கும் அதுவரை தெரியாத பெயர் பாட்டனுடையது.

வழக்கு 1888-இல் போடப்பட்டது. மூத்தவர் செத்தது தாது வருஷம், அதாவது 1876-77, பெரும்பஞ்சத்தில். நிலத்தின் மேல் உரிமை கேட்கச் சட்டம் கொடுத்த கெடு பன்னிரண்டு ஆண்டு. தம்பி அந்தக் கெடு முடிகிற தறுவாயில் கோர்ட்டுக்கு வந்திருக்கிறார். அதுவரை ஏன் சும்மா இருந்தார் என்று நீதிபதியும் கேட்டிருக்கிறார். அண்ணியையும் கைக்குழந்தையையும் நான்தான் காப்பாற்றினேன், பெண்ணுக்குக் கல்யாணம் செய்து மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொண்ட பிறகுதான் சொத்து கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தது என்பது அவர் பதில்.

வழக்கின் முடிச்சு ஒன்றே ஒன்று: அண்ணன் சாகும்போது சகோதரர்கள் பாகம் பிரிந்திருந்தார்களா இல்லையா? பிரியவில்லை என்றால் அண்ணன் பங்கு முழுக்கத் தம்பிக்குப் போய்ச் சேரும், விதவைக்கு ஜீவனாம்சம் மட்டும். (இந்த நிலையை மாற்றிய சட்டம் 1937-இல்தான் வந்தது.) பிரிந்திருந்தால் விதவைக்கு, மகளுக்கு, பேரனுக்கு. சிவில் கோர்ட்டுகளில் அந்தக் காலத்தில் இந்த ஒரே கேள்வி எத்தனை குடும்பங்களைப் பிடித்து ஆட்டியிருக்கிறது என்பதைப் பழைய தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டினால் பார்க்கலாம். நமக்கு அது லாபம். உறவை நிரூபிக்காமல் இந்த வழக்கை நடத்த முடியாது. அதனால் வம்சாவளி தானாக ஏறிவிடும், அதையும் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் உரசிப் பார்த்திருப்பார். வீட்டில் தாத்தா சொன்ன வம்சாவளிக்கு அந்தச் சோதனை கிடையாது.

தம்பி தரப்பில் வலுவான காகிதம் ஒன்று இருந்தது. பஞ்சத்துக்கு முந்திய பட்டா நகல், 'மூத்தவர் வகையறா' என்று இரண்டு வயலையும் சேர்த்து எழுதியது. கூட்டுப் பட்டா இருக்கும்போது பிரிவினை எப்படி நடந்திருக்கும் என்பது வாதம். விதவை தரப்பில் வந்தவை பெரும்பாலும் வாய்ச் சாட்சி. தகப்பன் செத்த பிறகு அடுப்பு இரண்டாகிவிட்டது, கிஸ்து (தீர்வைத் தவணை) ரசீது தனித்தனி, ராகியைக் கொட்டி மூடிவைக்கும் குழியைக்கூட ஆளுக்கொன்றாக வெட்டிக்கொண்டார்கள் என்று பக்கத்து வயல்காரர் சொல்லியிருக்கிறார். முன்சீப் அதைத் தீர்ப்பில் எடுத்து எழுதியிருக்கிறார். ராகிக் குழி பொதுவில் இருந்தால் குடும்பம் ஒன்று, தனியாக இருந்தால் குடும்பம் இரண்டு என்பது அந்த ஊர்ச் சாட்சிக்கு இயல்பான கணக்கு. முன்சீப்புக்கும் அது பிடிபட்டிருக்கிறது.

தம்பியைக் கவிழ்த்தது அவருடைய சொந்தப் பத்திரம். மழை பொய்த்த அந்த வருஷம், தானியம் வாங்க அவர் தன் வயலை ஒரு லேவாதேவிக்காரரிடம் அடமானம் வைத்திருந்தார். தொகை நூறு ரூபாய்க்கு மேல், ஆகவே பதிவு கட்டாயம். அந்தப் பத்திரத்தில், நானும் என் தமையனாரும் பாகம் பிரித்துக்கொண்டதில் என் பாகத்துக்குக் கிடைத்த நிலம் என்ற பொருளில் ஒரு வரி. கடன் கொடுப்பவர் வற்புறுத்தி எழுத வைத்திருப்பார், கூட்டுச் சொத்தின் மேல் பணம் கொடுத்துவிட்டு அவர் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? பன்னிரண்டு வருஷம் கழித்து விதவையின் வக்கீல் பதிவு ஆபீசில் நகல் எடுத்துக் கோர்ட்டில் வைத்துவிட்டார். கூட்டுப் பட்டா என்பது தீர்வை வசூலுக்கான ஏற்பாடு, பிரிவினை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி ஆகாது, வாதி தன் கையால் எழுதியதை மறுக்க முடியாது என்று முன்சீப் தள்ளிவிட்டார். சேலத்தில் அப்பீலும் தள்ளுபடி.

அந்த அடமானப் பத்திரத்தின் நகலைத் தனியாகத் தேடி எடுத்தேன். தீர்ப்பு சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் மூலத்தைப் பார்ப்பது நல்லது. வரி இருந்தது. வாங்கிய பணத்தை ஏன் வாங்கினோம் என்று எழுதும் இடத்தில் குடும்பச் சாப்பாட்டுச் செலவுக்கு என்று இருந்தது. பஞ்ச காலத்துப் பதிவுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு முன்னும் பின்னும் புரட்டினால் அதே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. 1871-க்கும் 1881-க்கும் நடுவில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை வெகுவாகக் குறைந்தது என்று கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் குறைவு எப்படி ஆரம்பித்தது என்பதைப் பதிவுப் புத்தகத்தில் வயல் வயலாகப் பார்க்கலாம். பலர் அடமானம் வைக்கவும் வழியில்லாமல் நிலத்தை ராஜிநாமா எழுதிச் சர்க்காருக்கே விட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் குடும்பத்து நிலம் அந்த வருஷங்களில் திடீரென்று கணக்கிலிருந்து மறைந்தால் அதை விற்றுவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ராஜிநாமா கொடுத்தவர்களில் சிலர் பிழைத்து வந்து, தர்க்காஸ்து (நிலம் கேட்டு மனு) போட்டு அதே வயலைத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

முறை மாறியது

இப்போது சேர்த்துப் பார்த்தால் விஷயம் இதுதான். பெரிய வூடு மூத்தவரின் வீடு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வீட்டில் இன்று இருப்பவர்கள் மூத்தவரின் மகள் வழி. மகளுக்குப் பிறந்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள், அவன் தாத்தாவின் வீட்டில் தாத்தாவின் நிலத்தை உழுதான். இரண்டு தலைமுறை போனதும் மாப்பிள்ளையாக வந்தவரின் பெயர் காற்றில் போய்விட்டது. கீழ வூட்டு ஆயா சொன்னதும் சரி, பெரிய வூட்டார் சொன்னதும் சரி.

பாராமகால் காலத்துக்கு மேலே போக முடியுமா என்று கீழ வூட்டு டீச்சரம்மா கேட்டார். அச்சிட்ட 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' தொகுதிகள் ஆவணக்காப்பகத்தில் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கடிதங்கள், அறிக்கைகள், கணக்குச் சுருக்கங்கள். உழுதவன் பெயர்ப் பட்டியல் கிடைக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். வழக்கில் கிடைத்த பாட்டனின் பெயர்தான் இப்போதைக்கு மேல் எல்லை. 1888-இல் முதிர்ந்தவரான வாதியின் பாட்டன் என்றால், ரீடும் மன்றோவும் அளந்த காலத்தில் அவர் பையனாகவோ வாலிபராகவோ இருந்திருப்பார். இது வயதை வைத்துப் போட்ட கணக்கு, காகிதத்தில் இருப்பதல்ல.

கோயில் மண்டபத்தில் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து நகல்களை வரிசையாக விரித்துச் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை. பெரிய வூட்டுப் பெரியவர் கிரயப் பத்திரத்து நகலை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து இருக்கும் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து டீச்சரம்மாதான் கேட்டார்:

"சார், அப்போ நாங்க பங்காளிங்க இல்லையா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மகள் வழி என்றால் குலம் வேறு. பங்காளி முறை போய் மாமன் மச்சான் முறை வந்துவிடுகிறது.

"இத்தனை வருஷமா பெரியப்பான்னு கூப்பிட்டுட்டேனே. இனிமே மாமான்னா கூப்பிடறது?"

"நீ எப்பவும் போலவே கூப்பிடும்மா" என்றார் பெரியவர். பின்னால் நின்ற வாலிபன் ஒருவன், "அப்போ ரெண்டு வூட்டுக்கும் பொண்ணு கொடுத்து எடுத்திருக்கலாமே" என்று போட்டான். சிரிப்பு எழுந்தது. அவன் அம்மா தோளில் ஒன்று வைத்தார். ஆனால் கேள்வி நியாயமானது. தலைமுறை தலைமுறையாக இரண்டு வீட்டுக்கும் நடுவே சம்பந்தம் இல்லாமல் போனதற்கு ஒரே காரணம், தாத்தாவுக்கு வைத்த அந்தப் பெயர்தான்.

கல்லில் மேலே பாட்டன் பெயர், அடுத்து தகப்பன், அதன் கீழே இரண்டு சகோதரர்கள் என்று ஒப்புக்கொண்டார்கள். மூத்தவருக்குக் கீழே விதவையின் பெயரும் மகளின் பெயரும் வர வேண்டும் என்று பெரியவர் கேட்டார். கோயில் கல்லில் பெண் பெயரா என்று கீழ வூட்டில் இரண்டு பேர் முனகினார்கள். பரிவட்ட விஷயம் அன்றைக்கு முடியவில்லை. ஆண் வழி நாங்கள்தான் என்று கீழ வூடும், மூத்தவர் வீடு எங்களுடையது என்று பெரிய வூடும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. அதற்கு எந்த ரிஜிஸ்டரிலும் பதில் இல்லை.

பெரியவருக்கு இப்போது வேறு கவலை. தன் ஆண் வழி எந்த ஊர், அங்கே எந்தக் குலதெய்வம்? மாப்பிள்ளையாக வந்தவரின் ஊர்ப் பெயர் பத்திரத்தில் இருக்கிறது, இன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கம். "அது அயனா மிட்டாவா சார்?" என்று அவரே கேட்டார். பார்த்தேன். மிட்டா. 1948-க்குப் பிறகு எஸ்டேட்டை ஒழித்தபோது எழுதிய செட்டில்மெண்ட் ஃபேர் அடங்கல் என்ற நிலக் கணக்கின் நகலுக்கு மனுப் போட்டிருக்கிறோம், அந்தக் குடும்பப் பெயர் அதில் எந்த வயலுக்கு நேரே நிற்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போக வேண்டும். மிட்டாதார் குடும்பத்தில் பழைய பட்டா முச்சலிக்காப் பெட்டி ஏதாவது தங்கியிருக்கிறதா என்று விசாரிக்கப் பெரியவரின் மகன் போயிருக்கிறார்.